மெர்ட்டன் ஆஃப் த மூவீஸ் (1924): தொலைந்துபோன ஊமைப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரும் பார்க்க முடியாத படத்தைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பழைய படங்களைப் பற்றி நான் எழுதியதில் அதிகக் கேள்வி வந்தது இந்தப் படத்துக்குத்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன்.

இது என்ன படம்?

1924-ல் வந்த அமெரிக்க ஊமைப்படம், நகைச்சுவை. ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கி தயாரித்து, பாரமவுண்ட் வெளியிட்டது. இயக்கம் ஜேம்ஸ் க்ரூஸ், திரைக்கதை வால்டர் வுட்ஸ், ஒளிப்பதிவு கார்ல் பிரவுன். நாயகன் க்ளென் ஹண்டர், நாயகி வயோலா டானா. மொத்தம் எட்டு ரீல். இன்று அதில் ஒரு ரீல்கூட இல்லை.

இல்லையே, இதே பெயரில் நான் ஒரு படம் பார்த்திருக்கிறேனே?

நீங்கள் பார்த்தது எம்.ஜி.எம். 1947-ல் எடுத்த பேசும் படமாக இருக்கும், ரெட் ஸ்கெல்டன் நடித்தது. அதற்கு முன்பே 1932-ல் பாரமவுண்டும் இந்தக் கதையை 'மேக் மீ எ ஸ்டார்' என்ற பெயரில் பேசும் படமாக எடுத்தது. அந்த இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. முதலில் எடுத்ததுதான் போய்விட்டது.

கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமே இல்லை. இல்லினாய் மாநிலத்தில் சிம்ஸ்பரி என்றொரு சின்ன ஊர். அங்கே காஷ்விலர் என்பவரின் பலசரக்கு, ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பையன் மெர்ட்டன் கில். சினிமாப் பித்து. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் துணி மாட்டும் பொம்மைகளை வில்லனாகவும் கதாநாயகியாகவும் நிறுத்திவைத்து வசனம் பேசுவான். சாமான் வண்டி இழுக்கும் கிழட்டுக் குதிரைதான் அவனுக்குப் போர்க்குதிரை. நடிப்பைத் தபால் வழியில் படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டான். கௌபாய் வேடத்தில் ஸ்டில் எடுத்து வைத்திருக்கிறான். சினிமாவுக்கென்று க்ளிஃபர்ட் ஆர்மிட்டேஜ் என்று ஒரு பெயரும் தயார். ராத்திரி படுக்கப்போகும்போது, 'என்னை நல்ல சினிமா நடிகனாக்கு' என்று முழங்காலிட்டு ஜெபம் செய்வான்.

அவனுக்கு உயர்ந்த கலை என்றால் உயிர். மட்டமான கோமாளிப் படங்களென்றால் ஆகவே ஆகாது, அதிலும் ஜெஃப் பேர்ட் என்பவர் எடுக்கும் படங்களும் அவற்றில் வரும் மாறுகண்காரரும். அவன் கும்பிடும் தெய்வம் பியூலா பாக்ஸ்டர் என்ற நடிகை. தொடர் படங்களில் மலையிலிருந்து குதிப்பார், கடலில் விழுவார். டூப் போடுவதே இல்லை என்று பத்திரிகைப் பேட்டிகளில் அடித்துச் சொல்வார்.

ஹாலிவுட் போகிறான். ஸ்டூடியோ வாசலில் நாள்கணக்காகக் காத்துக் கிடக்கிறான். எப்போதாவது கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் வேலை கிடைக்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு செட்டில் போட்டிருக்கும் கட்டிலில் தூங்குகிறான், பட்டினி. அவனைக் கண்டுபிடித்துச் சாப்பிட வைப்பவள் மான்டேகு என்ற பெண். ஃபிளிப்ஸ் என்று கூப்பிடுவார்கள். ஸ்டண்ட் செய்பவள், வாய்த் துடுக்கு. பியூலா பாக்ஸ்டருக்கு டூப் போடுவதே அவள்தான் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. தெய்வத்துக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

இதற்குப் பிறகு வருவதுதான் கதையின் உயிர்நாடி. மெர்ட்டனின் முகம் ஒரு பெரிய நாயகனின் சாயலில் இருக்கிறது. அவன் முழு மனசோடு, துளிக்கூடச் சிரிப்பில்லாமல் நடிப்பது அந்த நாயகனைக் கிண்டல் செய்வதுபோல இருக்கிறது. ஃபிளிப்ஸ் இதைக் கண்டுபிடித்து ஜெஃப் பேர்டிடம் சொல்கிறாள். இருவரும் சேர்ந்து, 'இது சீரியஸான படம்' என்று நம்பவைத்தே அவனை ஒரு காமெடிப் படத்தில் நடிக்க வைக்கிறார்கள். தான் தடுமாறியதையெல்லாம் வெட்டிவிடுவார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான். ஒன்றைக்கூட வெட்டவில்லை. தியேட்டரில் படம் ஓடுகிறது, சனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். இவன் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து தன்னையே பார்க்கிறான்.

மூலம் நாவலா, நாடகமா?

நாவல்தான் முதலில். ஹாரி லியோன் வில்சன் எழுதி 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் தொடராக வந்தது, அதே 1922-ல் புத்தகமாகவும் வந்தது. ஜார்ஜ் எஸ். காஃப்மன், மார்க் கானலி என்ற இரட்டையர் அதை நாடகமாக்கினார்கள். 1922 நவம்பர் 13-ஆம் தேதி நியூயார்க் கார்ட் தியேட்டரில் அரங்கேறி நன்றாக ஓடியது. தொடர்கதை, புத்தகம், நாடகம் மூன்றுமே ஒரே வருடத்தில்.

மேடையில் மெர்ட்டனாக நடித்தவரும் க்ளென் ஹண்டர்தான். மேடையில் ஃபிளிப்ஸாக நடித்த ஃபிளாரன்ஸ் நாஷுக்குப் பதில் படத்தில் வயோலா டானா வந்தார். வெற்றி பெற்ற நாடகம், அதில் பெயர் வாங்கிய அதே நடிகர் என்பதுதான் பாரமவுண்டின் கணக்கு.

காஃப்மனும் கானலியும் பிறகு தனித்தனியே புலிட்சர் பரிசு வாங்கினார்கள். கானலிக்கு 1930-ல். காஃப்மனுக்கு இரண்டு முறை, 1932-லும் 1937-லும், இரண்டிலுமே கூட்டாளிகளோடு சேர்ந்து எழுதியதற்கு.

பேச்சை நம்பி ஓடிய நாடகத்தை ஊமைப்படமாக எடுத்தால் என்ன மிஞ்சும்?

நியாயமான சந்தேகம். காஃப்மனின் பலமே வசனம். மேடையில் நிமிடத்துக்கு நாலு வெட்டு விழும். ஊமைப்படத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் காட்சியை நிறுத்தி எழுத்து அட்டை போட வேண்டும். அட்டை கூடினால் படம் பார்க்கிற அனுபவம் போய்ப் புத்தகம் படிக்கிற அனுபவம் வந்துவிடும். அதனால் நாடகங்களை ஊமைப்படமாக்கியவர்கள் பேச்சில் பெரும்பங்கை உதறிவிட்டு, மேடையில் வாயால் மட்டும் சொல்லப்பட்ட சம்பவங்களைக் காட்சியாக எடுத்துக் காட்டினார்கள். பல நாடகங்கள் இப்படிச் செய்ததில் சப்பென்று ஆகியிருக்கின்றன.

ஆனால் இந்தக் கதை விதிவிலக்கு என்பது என் கட்சி. இந்தக் கதையில் சிரிப்பு வசனத்தில் இல்லை, ஒரு முகத்தில் இருக்கிறது. அவன் மனசுக்குள் அது சோகக் காவியம், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கோமாளித்தனம், ஆனால் முகம் ஒன்றுதான். நாவலில் வில்சன் அதை விவரித்துத்தான் காட்ட முடியும். மேடையில் நடிகனின் முகம் பின்வரிசைக்குத் தெரியாது. குளோஸப் வைத்து அந்த முகத்தைப் பத்தடி உயரத்துக்குப் பெரிதாக்கி, ஒரு சத்தமும் இல்லாமல் காட்ட முடிந்தது ஊமைப்படத்தால் மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1924-ல் தியேட்டரில் உட்கார்ந்து மெர்ட்டனைப் பார்த்துச் சிரித்தவர், கதைக்குள் அவனைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திரையில் ஊமைப்படம், அதற்குள் அவன் நடித்ததும் ஊமைப்படம். பேசும் படம் வந்த பிறகு இதை எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அந்தப் பொருத்தம் திரும்ப வராது. நாவல் இருக்கிறது, நாடகம் அச்சில் இருக்கிறது, இரண்டு ரீமேக் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்ல யாருக்கு அதிக உரிமையோ அந்த ஒன்று மட்டும் இல்லை. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

எப்படித் தொலைந்தது? தீ விபத்தா?

இந்தப் படத்துக்கென்று தனியாக ஒரு தீயைக் கைகாட்ட முடியாது. தீ விபத்துகள் பெரிய அளவில் நடந்தது உண்மை. 1937 ஜூலையில் நியூஜெர்சி லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் கம்பெனியின் படக்கிடங்கு எரிந்து, அதன் ஊமைப்படங்களில் பெரும்பகுதி சாம்பலானது. ஆனால் நிறையப் படங்கள் எரியவில்லை, கவனிப்பாரற்றுச் செத்தன.

அந்தக்கால ஃபிலிம் நைட்ரேட் என்ற ரசாயனத்தால் ஆனது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். எரியாவிட்டாலும் சும்மா இருக்காது. முதலில் படம் வெளிறும். பிறகு பிசுபிசுக்கும், சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும். தேன்போல ஒரு திரவம் கசிந்து நுரைக்கும், மூக்கைத் துளைக்கும் நெடி வரும். கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள்தான் இருக்கும். குளிரான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். வெயிலில் வைத்தால் கதை முடிந்தது.

அதைவிடப் பெரிய காரணம் வியாபாரம். நம் ஊர் வழக்கத்தில் சொன்னால், பிரிண்ட் பெரிய நகரமான ஏ சென்டரில் ஆரம்பித்து பி, சி என்று சின்ன ஊர்களுக்கு இறங்கி, கீறலும் ஒட்டுமாகத் திரும்பி வரும். அதற்கு மேல் அது யாருக்கும் வேண்டாத பண்டம். ஃபிலிமில் வெள்ளி இருக்கும், அதைப் பிரித்தெடுக்க அனுப்பிவிடுவார்கள். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்ததும் நெகட்டிவுக்கும் மதிப்பு போயிற்று. தொலைக்காட்சியோ வீடியோவோ வரும் என்று அப்போது யாரும் கணக்குப் போடவில்லை. எரியும் சரக்கைப் பாதுகாக்க வாடகையும் காப்பீடும் கட்டிக்கொண்டிருப்பதை விட அழிப்பது லாபம். யுனிவர்சல் கம்பெனி மிச்சமிருந்த தன் ஊமைப்பட நெகட்டிவ்களை 1948-ல் தானே அழித்தது.

இந்த ஒரு படத்துக்குத்தான் இந்தக் கதியா?

எங்கே. டேவிட் பியர்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக எழுதி 2013-ல் வெளிவந்த அறிக்கை இருக்கிறது. 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான முழுநீள ஊமைப்படங்கள் 10,919. அவற்றில் அமெரிக்காவில் வெளியான வடிவத்திலேயே, 35 மி.மீ. பிரிண்டில் முழுமையாக இருப்பவை 1,575, அதாவது 14 சதவீதம். வெளிநாட்டுப் பிரிண்டாகவோ சிறிய அளவு ஃபிலிமிலோ முழுமையாகக் கிடைப்பவை இன்னொரு 11 சதவீதம். அரைகுறையாக இருப்பவை 5. மீதி எழுபது போயே போய்விட்டது.

ஜேம்ஸ் க்ரூஸின் ஜாதகம் இன்னும் மோசம். 1923-ல் 'த கவர்டு வேகன்' என்ற பிரம்மாண்டப் படத்தால் பெரிய பெயர் எடுத்தவர், அது இருக்கிறது. அதே வருடம் அவர் எடுத்த 'ஹாலிவுட்' இல்லை. இதே வில்சனின் நாவலை வைத்து எடுத்த 'ரகில்ஸ் ஆஃப் ரெட் கேப்' இல்லை. காஃப்மன்-கானலி நாடகங்கள் மூன்றை க்ரூஸ் படமாக்கினார். 'டு த லேடீஸ்' இல்லை, 'மெர்ட்டன்' இல்லை, 'பெக்கர் ஆன் ஹார்ஸ்பேக்' துண்டு துண்டாக மட்டும் இருக்கிறது. நகைச்சுவை இயக்குநராக அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல நம் கையில் ஏறக்குறைய சாட்சியே இல்லை.

படமே இல்லாமல் இதெல்லாம் எப்படித் தெரியும்?

காகிதத்தால். அந்நாளில் படத்துக்குக் காப்புரிமை பதிய அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் பிரிண்ட் அனுப்புவார்கள். எரியும் ஃபிலிமை வைத்துக்கொள்ள இடமில்லை என்று நூலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூட வந்த கதைச்சுருக்கம், விளம்பரத் தாள் போன்றவற்றை மட்டும் கோப்பில் வைத்துக்கொள்ளும். வாழையை வெட்டிவிட்டு நாரைப் பத்திரப்படுத்திய கதை. இவை தவிர ஸ்டில்கள், சுவரொட்டிகள், பத்திரிகை விமர்சனங்கள்.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. அந்தக் காலத்து எத்தனையோ படங்களை நாம் பாட்டுப் புத்தகங்களை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறோம். தியேட்டர் வாசலில் காசு கொடுத்து வாங்கிய மெல்லிசான தாள் படத்தை விட அதிக நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

நடித்தவர்களில் சொல்லத் தகுந்தவர்கள்?

ஃபிளிப்ஸின் அப்பாவாக நடித்தவர் சார்லஸ் ஓகிள். 1910-ல் எடிசன் கம்பெனி எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் பூதமாக வந்தவர் இவரேதான். அந்தப் படமும் பல பத்தாண்டுகள் தொலைந்ததாகக் கருதப்பட்டு, விஸ்கான்சினில் ஒரு சேகரிப்பாளரிடம் இருப்பது தெரியவந்தது. ஒளிப்பதிவாளர் கார்ல் பிரவுன் 1927-ல் சொந்தமாக இயக்கிய 'ஸ்டார்க் லவ்' படமும் அப்படித்தான், செக்கோஸ்லோவாக்கியாவின் ஆவணக் காப்பகத்திலிருந்து கிடைத்தது. கூட வேலை செய்தவர்களின் படங்கள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டு வீடு திரும்பியிருக்கின்றன.

க்ளென் ஹண்டருக்கு மெர்ட்டன்தான் உச்சம். 1945-ல் இறந்தார். வயோலா டானா 1987 வரை இருந்தார்.

ரீமேக்கைப் பார்த்தால் போதாதா?

1932 படத்தைப் பாருங்கள். மெர்ட்டனாக ஸ்டூவர்ட் எர்வின், ஃபிளிப்ஸாக ஜோன் பிளாண்டெல். தன்னைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது எர்வினின் முகம் வாடுவதை அவ்வளவு எளிதில் மறக்க முடியாது. மாறுகண்ணுக்கே பேர் போன பென் டர்பின் இந்தப் படத்தில் தலைகாட்டுகிறார். நாவலைப் படித்துவிட்டு அவரைத் திரையில் பார்க்கும்போது நாவலுக்குள்ளிருந்து எழுந்து வந்தவர் போலவே இருக்கும்.

1947 படம் ரெட் ஸ்கெல்டன் ரசிகர்களுக்கு. தான் சிரிப்பு மூட்டுகிறோம் என்பதே தெரியாதவன்தான் மெர்ட்டன். ஸ்கெல்டனுக்கு அது முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டதுபோல இருக்கிறது.

காப்புரிமைப் பிரச்சினை ஏதாவது உண்டா?

கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி 1924 படங்களின் காப்புரிமை 2020 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், விற்கலாம், இணையத்தில் போடலாம். போடுவதற்குப் படம்தான் இல்லை.

காப்புரிமை வழக்கே ஒரு படத்தைக் காப்பாற்றிய கதை நம் பக்கம் உண்டு. நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த மலையாள ஊமைப்படம் 'மார்த்தாண்ட வர்மா', 1933. அதற்கு மூலமான நாவலின் உரிமை யாருக்கு என்ற வழக்கில் பிரிண்டைப் பறிமுதல் செய்து வைத்தார்கள். ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து போகாமல் அது அப்படியே கிடந்து, 1974-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் எடுத்த முதல் ஊமைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' மேல் யாரும் வழக்குப் போடவில்லை போலும். அது இல்லை.

இனிமேல் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஹாலிவுட்டில் தேடிப் பயனில்லை. பிரிண்ட் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடங்களில்தான் இப்படிப்பட்டவை அகப்படும். கனடாவின் யூக்கான் பகுதியில் டாசன் சிட்டி என்ற ஊர். படங்களைத் திருப்பி அனுப்பும் செலவு கட்டுப்படியாகாமல் அங்கேயே தங்கிவிட்டன. பழைய நீச்சல்குளத்தைத் தூர்க்க ரீல்களைப் போட்டு மூடினார்கள். 1978-ல் மண்ணைத் தோண்டும்போது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ரீல்கள் உறைபனியில் அப்படியே இருந்தன. இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'அப்ஸ்ட்ரீம்' நியூசிலாந்தில் கிடைத்தது. 'பியாண்ட் த ராக்ஸ்' நெதர்லாந்தில் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து வந்தது.

சிக்கல் என்னவென்றால், வெளிநாட்டுப் பிரிண்டில் பெயர் மாறியிருக்கும், எழுத்து அட்டைகள் அந்நாட்டு மொழியில் இருக்கும், பெயர் போடும் முதல் ரீலே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் இதற்காகவே ஒரு பட்டறை நடத்தி வந்தது. பெயர் தெரியாத துண்டுகளைத் திரையில் ஓட்டுவார்கள். அரங்கில் இருப்பவர்கள், 'அந்த நடிகை இன்னார்', 'அந்தக் கார் இந்த வருடத்து மாடல்' என்று கத்திக் கத்தி அடையாளம் சொல்வார்கள். படம் பார்க்கும்போது பேசினால்தான் மரியாதை என்ற ஒரே அரங்கம் அதுவாகத்தான் இருக்கும்.

என் தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். வீட்டில் பழைய படப்பெட்டி இருக்கிறது. அதில் இருக்குமோ?

மெர்ட்டன் இருப்பான் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் வேறு ஏதாவது இருக்கலாம், அதனால் கேளுங்கள். டப்பாவைத் திறக்குமுன் பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். காரமான நெடியோ பிசுபிசுப்போ இருந்தால் மூடிவிடுங்கள், உருவிப் பார்க்க வேண்டாம். ஃபிலிம் நன்றாக இருந்தால் துளைகளின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'சேஃப்டி' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பயமில்லை. கோடாக் ஃபிலிம் என்றால் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னச் சின்னக் குறிகள் தெரியும், அவை ஃபிலிம் தயாரான வருடத்தைச் சொல்லும். அதே குறிகள் இருபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் 1924-ஆ 1944-ஆ என்று குழம்ப இடமுண்டு.

எதுவானாலும் புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய ஃபிலிம் பல்சக்கரத்தில் கிழியும், நைட்ரேட் என்றால் பற்றிக்கொள்ளும். பெட்டியின் மேல் இருப்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அதுவரை பெட்டி மொட்டை மாடி அறையில் இருக்க வேண்டாம், வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத இடத்துக்கு இறக்கி வையுங்கள்.